கரண்ட் போய் வந்தால் ஹோம் லேப் தானாக எழுந்து நிற்க வேண்டும்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் ஹோம் லேப், அதாவது வீட்டிலேயே நீங்கள் ஓட்டும் சர்வர்கள், இப்படி: ஒரு மினி பிசியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்). அதில் ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) ஓப்பன்சென்ஸ், அதுதான் வீட்டுக்கே ரவுட்டர். இன்னொரு விஎம்மில் டெபியன் லினக்ஸ், அதன் மேல் டாக்கர் (ஆப்களைக் 'கண்டெய்னர்' என்ற தனித்தனி அறைகளில் ஓட்டும் மென்பொருள்), அதில் பைஹோல் (விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர், அதாவது பெயரைக் கேட்டால் ஐபி எண் சொல்வது), புகைப்பட ஆப், பாஸ்வேர்ட் பெட்டகம் என்று 20 கண்டெய்னர்கள். டேட்டா எல்லாம் தனியாக ஒரு நாஸ் பெட்டியில் (வலையில் இணைந்த சேமிப்புப் பெட்டி), என்எஃப்எஸ் (வலை வழியாகக் கோப்புறையைப் பகிரும் முறை) வழியாக வருகிறது. நடுவில் 8 போர்ட் மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடிய வலை இணைப்புப் பெட்டி), ஓரமாகச் சும்மா கிடக்கும் ஒரு பழைய லேப்டாப். கரண்ட் போய் வந்த பிறகு எதுவும் எழவில்லை, வீட்டுக்கு இன்டர்நெட் திரும்ப 3 மணி நேரம் ஆனது. இனி இப்படி ஆகாமலிருக்க இன்னொரு மினி பிசி வாங்கி கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் பெட்டிகளின் கூட்டம்) கட்டுவதா, இல்லை எல்லாவற்றையும் குபெர்னெட்டிஸுக்கு (பல பெட்டிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) மாற்றுவதா என்பது உங்கள் கேள்வி.

இரண்டும் இப்போது வேண்டாம். கிளஸ்டர் என்றால் பெரும்பான்மை ஓட்டு வேண்டும், இரண்டு பெட்டியில் பெரும்பான்மை என்பது இரண்டுமேதான். ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு நோடு (கிளஸ்டரில் உள்ள பெட்டி) வைத்து ஒன்று நின்றுபோனால், மிச்சமிருப்பதில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்கள் ஓடும், ஆனால் புதிதாக எதையும் ஸ்டார்ட் செய்ய விடாது. கரண்ட் போய் வந்த நேரத்தில் எல்லாமே புதிதாக ஸ்டார்ட் ஆக வேண்டியவைதானே, அப்போது முதலில் எழுந்த பெட்டி இரண்டாவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். குபெர்னெட்டிஸின் தரவுக் கிடங்கான எட்சிடியும் இதே கணக்குதான், 3 நோடு இருந்தால் ஒன்று போவதைத் தாங்கும், 2 நோடு எதையும் தாங்காது. மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்ன பெட்டியில் கியூடிவைஸ் (ஓட்டு மட்டும் போடும் சேவை) ஓட்டலாம், அது நல்ல வழிதான், ஆனால் உங்கள் பிரச்சினை பெட்டி போதாதது இல்லை.

நீங்கள் ஒட்டியிருந்த எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) வரியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாஸை ஐபி எண்ணால் அல்ல, பெயரால் மவுண்ட் செய்திருக்கிறீர்கள் (அதாவது ஒரு கோப்புறையில் இணைத்திருக்கிறீர்கள்). அந்தப் பெயருக்கு எண் சொல்ல வேண்டியது பைஹோல். பைஹோல் இருப்பது டாக்கருக்குள். டாக்கர் இருக்கும் விஎம் பூட் ஆகி முடிய அந்த மவுண்ட் வர வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. சாதாரண நாளில் இது தெரியாது, ஏனென்றால் ஒவ்வொன்றாகத்தான் ரீபூட் செய்வோம், மற்றவை எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து ஒரே நேரத்தில் எழும்போதுதான் இந்த வட்டம் வெளியே வரும்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ஓடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, 'இது எழ எது ஏற்கெனவே எழுந்திருக்க வேண்டும்' என்று அம்புக்குறி போடுங்கள். டிஎன்எஸ், டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி எண் கொடுப்பது), நேரம், டிஸ்க், பாஸ்வேர்ட், இந்த ஐந்தையும் விடாமல் போடுங்கள். எங்கேயாவது அம்புகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்தால் அங்கேதான் உங்கள் 3 மணி நேரம் போயிருக்கிறது. இந்தப் படத்தை நான் வருடத்துக்கு இரண்டு முறை புதிதாக வரைகிறேன், ஒவ்வொரு முறையும் நானே அறியாமல் சேர்ந்த ஒரு புது அம்பு இருக்கும்.

சரி, கீழிருந்து வருவோம். ரவுட்டர். விஎம்மில் ரவுட்டர் ஓட்டுவது தவறில்லை, பலரும் நன்றாகவே ஓட்டுகிறார்கள், ஆனால் வீட்டில் வேறு ஆட்களும் இருந்தால் அது தனிப் பெட்டியில் இருப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ப்ராக்ஸ்மாக்ஸ் கெர்னல் அப்டேட் செய்து ரீபூட் செய்ய நீங்கள் வீட்டாரிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை இருந்தால், அப்டேட்டையே தள்ளிப்போட ஆரம்பிப்பீர்கள். காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டாவது மினி பிசிக்குப் பதில் அந்தக் காசை ஒரு சின்ன தனி ரவுட்டர் பெட்டியில் போடுங்கள். அதுவரை விஎம்தான் என்றால், ஓப்பன்சென்ஸ் விஎம்முக்கு 'ஸ்டார்ட் அட் பூட்' போட்டு, ஆர்டர் 1 கொடுங்கள். அதே இடத்தில் 'ஸ்டார்ட்அப் டிலே' என்று ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு விஎம்மில் 300 விநாடி என்று போட்டால், அந்த விஎம் 300 விநாடி கழித்து எழும் என்று அர்த்தமில்லை. அது எழுந்த பிறகு, அடுத்த விஎம்மை எழுப்புவதற்கு முன் 300 விநாடி காத்திருக்கும் என்று அர்த்தம். ஆகவே டாக்கர் விஎம் தாமதமாக எழ வேண்டுமானால் டிலேயை ஓப்பன்சென்ஸ் விஎம்மில்தான் போட வேண்டும்.

டிஎன்எஸ்ஸை டாக்கரை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். ஓப்பன்சென்ஸிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் சர்வர் இருக்கிறது, விளம்பரத் தடுப்புப் பட்டியலும் அதிலேயே போடலாம். ரவுட்டர் இல்லாமல் எப்படியும் எதுவும் நடக்காது, அதனால் டிஎன்எஸ்ஸும் அங்கேயே இருந்தால் படத்தில் ஒரு அம்பு குறைகிறது. பைஹோலின் திரைதான் பிடிக்கும் என்றால் அந்தப் பழைய லேப்டாப்பில் கண்டெய்னர் இல்லாமல் நேரடியாகப் போடுங்கள். லேப்டாப்பில் உபுண்டு போட்டால், சிஸ்டம்டி-ரிசால்வ்டு (உபுண்டுவின் சொந்த டிஎன்எஸ் சேவை) ஏற்கெனவே 127.0.0.53 முகவரியில் டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும், அங்கே கேட்டுக்கொண்டிருக்கும் அதன் ஸ்டப் லிஸனரை அணைத்த பிறகுதான் பைஹோலுக்கு இடம் கிடைக்கும். மூடியை மூடினாலும் தூங்காதபடி லாகின்டி (மூடி, தூக்கம் போன்றவற்றைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) அமைப்பில் லிட் சுவிட்சை 'இக்னோர்' என்று வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றாமல் 24 மணி நேரமும் ஓட்டவே கூடாது.

இன்னொன்று, டிஎச்சிபியில் முதல் டிஎன்எஸ்ஸாக பைஹோலும் இரண்டாவதாகக் கூகிளின் 8.8.8.8 என்றும் கொடுத்திருக்கிறீர்கள், முதலாவது விழுந்தால் இரண்டாவது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில். எல்லாக் கருவிகளும் அப்படி வரிசை பார்ப்பதில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி வழக்கமாக வரிசைப்படிதான் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி காத்திருக்கும், ஆனால் மற்ற கருவிகளில் பல தோன்றியபடி எதை வேண்டுமானாலும் கேட்கும். அதனால்தான் உங்கள் போனில் விளம்பரம் சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை, உள்ளூர்ப் பெயர்கள் திடீரென்று தெரியாமல் போகின்றன. இரண்டு வேண்டுமென்றால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்பவையாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒன்றே போதும்.

அப்புறம் பெயர். வீட்டுப் பெயர்களுக்கு 'லோக்கல்' என்று முடியும் டொமைனை வைத்திருக்கிறீர்கள். அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் கருவிகள் தமக்குள் பெயர் கேட்டுக்கொள்ளும் முறை) ஒதுக்கப்பட்டது, சில கருவிகள் டிஎன்எஸ் சர்வரைக் கேட்காமலேயே பக்கத்தில் இருப்பவர்களிடம் கூவிப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும். வீட்டு வலைக்கென்றே 2018இல் 'ஹோம் டாட் ஆர்ப்பா' (home.arpa) ஒதுக்கப்பட்டது, அதற்கு மாறிவிடுங்கள். சொந்த டொமைன் வைத்திருந்தால் இன்னும் நல்லது, டிஎன்எஸ்-01 முறையில் (டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு போட்டு டொமைன் உங்களுடையது என்று காட்டுவது) லெட்ஸ் என்கிரிப்ட்டின் இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கலாம், அதற்காக வெளியே எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

இப்போது நாஸ் மவுண்ட். இதில்தான் நான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன், ஏனென்றால் மற்றதெல்லாம் நின்றுபோனால் திரும்ப ஓட்டலாம், இது டேட்டாவைத் தொடும். எனக்கே நடந்தது. ஒரு நாள் கரண்ட் வந்ததும் டாக்கர் விஎம் 40 விநாடியில் எழுந்துவிட்டது, நாஸ் எழ 6 நிமிடம் ஆகும். மவுண்ட் வரவில்லை, ஆனால் மவுண்ட் ஆக வேண்டிய கோப்புறை மட்டும் காலியாக அங்கேயே இருந்தது. டாக்கருக்கு அது வெறும் கோப்புறைதான், அது எந்தக் குறையும் சொல்லாமல் அதையே கண்டெய்னருக்குக் கொடுத்துவிட்டது. புகைப்பட ஆப் உள்ளே பார்த்தது, காலி, சரி புது ஆள் போலிருக்கிறது என்று புது டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. போனில் இருந்து புதுப் படங்களும் அதில் ஏற ஆரம்பித்தன. 2 நாள் கழித்து வீட்டில் ஒருவர் 'பழைய போட்டோ எதுவும் காணோமே' என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பழையவை நாஸில் பத்திரமாகத்தான் இருந்தன, ஆனால் அந்த 2 நாள் படங்கள் விஎம்மின் சொந்த டிஸ்க்கில், மவுண்ட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தன. மவுண்ட்டை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றோடொன்று சேர்க்க ஒரு முழு நாள் ஆனது.

இதைத் தடுக்க மூன்று வேலை. முதலில், மவுண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் காலிக் கோப்புறைக்கு 'சிஹெச்ஆட்டர் பிளஸ் ஐ' (chattr +i, மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டுவிடுங்கள், அப்போது ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) கூட அதில் எழுத முடியாது. மேலே நாஸ் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல எழுதலாம், ஏனென்றால் அந்தப் பூட்டு அடியில் இருக்கும் கோப்புறைக்கு மட்டும்தான். ஒரே கட்டளை, ஒரே முறை, இதைச் செய்யாமல் தயவுசெய்து என்எஃப்எஸ் மேல் கண்டெய்னர் ஓட்டாதீர்கள். இரண்டாவது, டாக்கரின் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை எழுப்பும் நிரல்) சர்வீஸுக்கு ஒரு டிராப்-இன் (கூடுதல் அமைப்புக் கோப்பு) எழுதி 'ரிக்வயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார்' என்ற அமைப்பில் அந்தப் பாதையைக் கொடுங்கள். அதன் பிறகு மவுண்ட் வராமல் டாக்கரே எழாது. நாஸ் தாமதமாக எழும் என்பதால்தான் மேலே சொன்ன ஸ்டார்ட்அப் டிலே. மூன்றாவது, எஃப்எஸ்டேப்பில் பெயருக்குப் பதில் ஐபி எண், கூடவே 'நோஃபெயில்' (இது வராவிட்டாலும் பூட் நிற்க வேண்டாம் என்ற குறி). நோஃபெயில் இல்லாத வரியில் இருக்கும் டிஸ்க் வரவில்லையென்றால் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், வலை வழியாக உள்ளே போக முடியாது. நாஸ் இல்லாவிட்டாலும் விஎம் எழ வேண்டும், எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) வர வேண்டும், டாக்கர் மட்டும் காத்திருக்க வேண்டும்.

கண்டெய்னர்களுக்குள் வரிசை. கம்போஸ் கோப்பில் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து விவரிக்கும் கோப்பு) 'டிபெண்ட்ஸ் ஆன்' (எது எதைச் சார்ந்தது) போட்டிருப்பதால் டேட்டாபேஸ் முதலில் எழும் என்று நம்பியிருக்கிறீர்கள். அது நீங்கள் கையால் 'கம்போஸ் அப்' அடிக்கும்போது மட்டும்தான் பொருந்தும். ரீபூட்டுக்குப் பிறகு கண்டெய்னர்களை எழுப்புவது பின்னணியில் ஓடும் டாக்கர் டீமன், அது கம்போஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, ரீஸ்டார்ட் பாலிசியை (நின்றால் திரும்ப எழுப்ப வேண்டுமா என்ற அமைப்பு) மட்டும் பார்த்து எல்லாவற்றையும் எழுப்பிவிடும். கையால் அடிக்கும்போது கூட, ஹெல்த்செக் (தயாரா என்று பார்க்கும் சோதனை) எழுதி 'சர்வீஸ் ஹெல்தி' நிபந்தனை போடாதவரை, டேட்டாபேஸ் கண்டெய்னர் தொடங்கிவிட்டதா என்று மட்டும்தான் பார்க்கும், உள்ளே அது பதில் சொல்லத் தயாரா என்று பார்க்காது. டேட்டாபேஸ் கிடைக்காவிட்டால் விழுந்து, ரீஸ்டார்ட் பாலிசியால் திரும்ப எழுந்து முயற்சி செய்யும் ஆப்கள் பரவாயில்லை. அப்படி இல்லாமல் பிழைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும் ஆப் இருந்தால், அந்த ஸ்டாக்கை (ஒரே கம்போஸ் கோப்பில் உள்ள கண்டெய்னர்கள்) மட்டும் ஒரு சிஸ்டம்டி யூனிட்டில் வைத்து 'கம்போஸ் அப்' அடிக்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) இமேஜில் 'லேட்டஸ்ட்' என்று விட்டிருக்கிறீர்கள், அதை இன்றே குறிப்பிட்ட பதிப்பு எண்ணாக மாற்றுங்கள். பெரிய பதிப்பு மாறினால் பழைய டேட்டா கோப்புறையைப் புதிய போஸ்ட்கிரெஸ் ஏற்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்ணில் பட்டதால் சொல்கிறேன். அதே கோப்பில் போஸ்ட்கிரெஸ்ஸின் 5432ஆம் போர்ட்டை வெளியே திறந்து வைத்துவிட்டு, யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அதை மூடியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூடவில்லை. டாக்கர் வெளியிடும் போர்ட்டுகளுக்கு வரும் பாக்கெட்டின் இலக்கு முகவரி, ஃபயர்வாலின் இன்புட் வரிசைக்கு வரும் முன்பே மாற்றப்பட்டு, ஃபார்வர்டு வழியாகக் கண்டெய்னருக்குப் போய்விடுகிறது. யுஎஃப்டபிள்யூவின் சாதாரண விதிகள் இன்புட்டில் இருக்கின்றன, அவற்றை அந்தப் பாக்கெட் தொடுவதே இல்லை. டேட்டாபேஸை ஆப் மட்டும்தான் தொடும் என்றால் போர்ட் வரியையே எடுத்துவிடுங்கள், ஒரே கம்போஸ் நெட்வொர்க்கில் இருப்பவை பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். அந்த விஎம்மிலிருந்து மட்டும் தொட வேண்டுமென்றால் போர்ட்டுக்கு முன் 127.0.0.1 போடுங்கள்.

சுவிட்ச் பக்கம். நீங்கள் விஎலான் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கும் தனித்தனி வலைகள்) 10, 20, 30 என்று பிரித்திருப்பது சரியாகவே இருக்கிறது, கரண்ட் வந்த பிறகு எல்லாப் போர்ட்டும் விஎலான் 1க்குத் திரும்பியிருந்தது என்று சொன்னீர்களே, சுவிட்ச் கெட்டுப்போகவில்லை. பல மேனேஜ்டு சுவிட்சுகளில் 'அப்ளை' என்பது ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை மட்டும் மாற்றும். 'சேவ்' தனியாக வேறு பக்கத்தில் இருக்கும், அதை அழுத்தினால்தான் அடுத்த பூட்டுக்கும் அது நிற்கும். மாதக்கணக்காக ஓடியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. சேவ் செய்து, அமைப்புக் கோப்பை இறக்கி வையுங்கள். கடைசிப் போர்ட்டை டேக் (விஎலான் எண் குறி) இல்லாத மேனேஜ்மென்ட் விஎலானுக்கு மட்டும் ஒதுக்கி, சுவிட்சின் நிலையான ஐபியை ஒரு சீட்டில் எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள். டிஎச்சிபி இல்லை, டிஎன்எஸ் இல்லை, ரவுட்டரே இல்லை என்றாலும், ஒரு கேபிளை அங்கே செருகி லேப்டாப்புக்குக் கையால் ஐபி கொடுத்து உள்ளே போக முடிய வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸும் நாஸும் அதே போல் நிலையான ஐபியில் இருக்கட்டும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டியில் புதிதாக என்விஎம்இ டிஸ்க் செருகினால் ஒரு விஷயம் கவனியுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயர் பிசிஐ (மதர்போர்டில் கார்டுகள் சேரும் தடம்) வரிசையை வைத்து வருவதால், டிஸ்க் செருகியதில் வரிசை நகர்ந்து நேற்று 'பி3' என்று இருந்தது இன்று 'பி4' ஆகிவிடலாம். விஎம்களை வலையோடு இணைக்கும் பிரிட்ஜ் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும், பெட்டி ஓடும், ஆனால் வலையில் இருக்காது. சிஸ்டம்டியின் லிங்க் கோப்பு ஒன்றில் கார்டின் சொந்த மேக் முகவரியைச் சொல்லிப் பெயரை நிலையாகக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

யுபிஎஸ் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்குங்கள், இரண்டாவது மினி பிசியை விட அது முக்கியம். பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு' என்ற அமைப்பை எல்லாப் பெட்டியிலும் போட்டுவிடுங்கள். ஆனால் யுபிஎஸ் வந்த பிறகு இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேட்டரி குறைந்ததும் நட் (NUT) என்ற யுபிஎஸ் கண்காணிப்பு மென்பொருள் எல்லாவற்றையும் ஒழுங்காக ஷட்டவுன் செய்யும். அது முடிந்த மறுநிமிடமே கரண்ட் வந்துவிட்டால்? பெட்டிகளுக்கு மின்சாரம் ஒரு கணமும் அறுபடவே இல்லை, அதனால் பயாஸுக்குக் கரண்ட் 'திரும்ப வந்ததாக' தெரியாது, எல்லாம் அணைந்தபடியே கிடக்கும். ஷட்டவுனின் கடைசிப் படியாக யுபிஎஸ்ஸே தன் வெளியீட்டை ஒரு முறை அறுத்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்படி நட்டில் செய்யலாம், அந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில், 4ஆம் மாடல் வரை உள்ளவற்றில் பேட்டரி கடிகாரம் கிடையாது. அதில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களின் கையொப்பம்) சரிபார்க்கும் டிஎன்எஸ் சர்வர் வைத்தால், பூட் ஆனதும் நேரம் தப்பாக இருக்கும், நேரம் தப்பாக இருப்பதால் கையொப்பங்கள் செல்லாது என்று பெயர்களைத் தர மறுக்கும், பெயர் தெரியாததால் என்டிபி (நேரம் சொல்லும்) சர்வரைக் கேட்டு நேரத்தைத் திருத்தவும் முடியாது. இதுவும் ஒரு வட்டம்தான். ரவுட்டரை என்டிபி சர்வராக்கி, அதன் ஐபி எண்ணையே கொடுத்தால் தீர்ந்தது.

கடைசியாக, பாஸ்வேர்ட் பெட்டகம். ப்ராக்ஸ்மாக்ஸின் ரூட் பாஸ்வேர்ட், நாஸ் டிஸ்க்கின் குறியாக்கச் சாவி, ரெஸ்டிக் (குறியாக்கம் செய்து பேக்கப் எடுக்கும் மென்பொருள்) பேக்கப்பின் பாஸ்வேர்ட், மூன்றும் அந்தப் பெட்டகத்துக்குள். பெட்டகம் ஓடுவது அந்த ப்ராக்ஸ்மாக்ஸில், அதன் டேட்டா அந்த நாஸில், அதன் பேக்கப் அந்த ரெஸ்டிக்கில். போனில் ஆப் வைத்திருந்த நகல்தான் போன வாரம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் லாக்-அவுட் ஆகியிருந்தால் ரெஸ்டிக் பேக்கப் முழுவதும் திறக்கவே முடியாத கோப்புகளாகப் போயிருக்கும். இந்த மூன்றையும், சுவிட்ச், ரவுட்டர் ஐபிகளையும் ஒரு தாளில் எழுதி, மற்ற முக்கியக் காகிதங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். இன்னொரு நகல் வேறு ஒரு வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகு, வீட்டில் யாருக்கும் இன்டர்நெட் தேவைப்படாத ஒரு காலையில், எல்லாவற்றையும் ஒழுங்காக ஷட்டவுன் செய்துவிட்டு, பவர் ஸ்ட்ரிப்பை அணையுங்கள். 5 நிமிடம் கழித்துப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எதையும் தொடாமல் எது எத்தனையாவது நிமிடத்தில் எழுகிறது, எது எழவேயில்லை என்று எழுதுங்கள். என் வீட்டில் முதல் முறை இதைச் செய்தபோது 4 விஷயங்கள் எழவில்லை, அவற்றில் 2 நான் யோசித்தே பார்க்காதவை.

குபெர்னெட்டிஸ் கற்க ஆசை இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், ப்ராக்ஸ்மாக்ஸில் 3 சின்ன விஎம்மில் கே3எஸ் (குபெர்னெட்டிஸின் இலகுவான வடிவம்) போட்டு, தனி விஎலானில் வைத்து, எத்தனை முறை வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள், வீட்டு டிஎன்எஸ்ஸும் புகைப்படங்களும் அந்தப் பக்கம் போகாதவரை. இன்று மாலை நேரமிருந்தால் நாஸை மட்டும் ஒரு முறை ரீபூட் செய்து, என்எஃப்எஸ் பதில் சொல்ல எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து வையுங்கள், அதோடு இன்னும் 2 நிமிடம் கூட்டி ஓப்பன்சென்ஸ் விஎம்மின் டிலேயில் போடுங்கள்.